குழாய்க்கு முன் தாங்கி: முதல் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் உருப்பெருக்க எண்தான். 300 மடங்கு, 525 மடங்கு, 675 மடங்கு என்று எண் ஏற ஏறக் கருவியும் உயர்ந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. அடுத்து குழாயின் நீளம், பளபளப்பு, கூடவே வரும் லென்ஸ்களின் எண்ணிக்கை. குழாயைச் சுமந்து நிற்கும் கால்களை அசைத்துப் பார்ப்பவர் அரிது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். முதலில் தாங்கி, பிறகு ஒளி நுழையும் வாயின் விட்டம், கடைசியில் உருப்பெருக்கம். எந்த நாட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தும் என்றாலும், தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் போல நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் இருப்பவர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். அதற்கான காரணம் வானத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

அந்த 525 எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின் (கடைக்காரர்கள் ஐபீஸ் என்பார்கள்) குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 76 மி.மீ. வாயும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள சிறு கருவியில் 4 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 175 மடங்கு. நடுவில் உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கில் பிழை இல்லை, ஆனால் பார்க்க எதுவும் இருக்காது. ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பதை அதன் வாயின் விட்டம்தான் தீர்மானிக்கிறது, 116ஐ மி.மீ. விட்டத்தால் வகுத்தால், அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஆர்க் செகண்டுகளில் கிடைக்கும். 76 மி.மீ.க்கு அது ஏறத்தாழ 1.5. அதற்குக் கீழே உள்ள விவரம் அந்தக் கருவிக்குள் வரவே வராது. எவ்வளவு பெருக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். அனுபவ விதி எளிது: வாயின் விட்டம் எத்தனை மி.மீ.யோ அதன் இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம். 76 மி.மீ. கருவிக்கு 150 அளவில். நம் காற்று மண்டலத்தின் அலைக்கழிப்பில் பெரும்பாலான இரவுகளில் அதையும் எட்ட முடியாது.

வாய் அகன்றால் ஒளியும் பெருகும். இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாவை அதிகபட்சம் 7 மி.மீ. விரியும். 60 மி.மீ. வாய் அதைப் போல 70 மடங்குக்குச் சற்று அதிகமாக ஒளியைச் சேர்க்கிறது, 130 மி.மீ. வாய் 340 மடங்குக்கு மேல், 150 மி.மீ. என்றால் 450ஐத் தாண்டும். ஆகவே பெரிய வாய் வேண்டும். இதுவரை எல்லா வழிகாட்டி நூல்களும் ஒத்துப்போகும். ஆனால் அந்தப் பெரிய வாயை எதன் மேல் நிறுத்துகிறோம் என்ற கேள்வியைப் பல நூல்கள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அங்கேதான் பெரும்பாலான முதல் தொலைநோக்கிகள் தோற்றுப்போய்ப் பரணுக்குப் போகின்றன.

ஒரு மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனை, மறுமுனையிலிருந்து வெறும் 0.3 மி.மீ. விலகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குத் திருப்பம். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. 100 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் அதே அசைவு ஒன்றரை டிகிரிக்கும் மேலாகிறது; வானில் நாம் காணும் முழு நிலவின் அகலத்தைப் போல மூன்று மடங்கு. வியாழனை நடுவில் கொண்டுவந்துவிட்டு ஃபோகஸ் திருகில் விரலை வைக்கிறோம். மெல்லிய அலுமினிய முக்காலி நடுங்குகிறது. கிரகம் ஒரு ஒளிக்கோடாக இழுபட்டு ஓடுகிறது. ஆட்டம் அடங்கும்வரை ஃபோகஸ் சரியா தவறா என்று சொல்லவே முடியாது. அடங்கியதும் மறுபடி திருகைத் தொட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் லென்ஸ் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அர்த்தமே இல்லை. இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலும் இல்லை. கலிலியோ 1610 ஜனவரியில், தன் ஏறத்தாழ 20 மடங்குக் கருவியைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே, நாடித் துடிப்பும் மூச்சும் கையை ஆட்டுவதால் குழாயை உறுதியான ஓரிடத்தில் பொருத்த வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறார். வெறும் 20 மடங்குக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

ஆட்டத்தோடு சேர்ந்து வருவது பூமியின் சுழற்சி. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 100 மடங்கில், சாதாரண ஐபீஸில் தெரியும் வானத்தின் அகலம் அரை டிகிரி அளவுதான். வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு பொருள் அந்த அரை டிகிரியை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். எனவே நொடிக்கு நொடி குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தாங்கி என்பது அசையாதது மட்டும் போதாது. விரலால் தள்ளினால் வெண்ணெயாக நகர்ந்து, விரலை எடுத்த கணமே நிற்க வேண்டும். தள்ளியதும் முரண்டுபிடித்து, பிறகு குதித்து, பின்னோக்கி வழுகும் தாங்கியில் சனியைப் பின்தொடர்வது பெரியவர்களுக்கே எரிச்சலூட்டும். குழந்தைகள் சீக்கிரமே கைவிட்டுவிடுவார்கள்.

இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு ஈக்வடோரியல் தாங்கி. அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்துவிட்டால், ஒரே திருகைத் திருப்பி வானத்தின் சுழற்சியோடு போகலாம். கோட்பாடு அழகானது. ஆனால் துருவ நட்சத்திரம் நம் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். லண்டனில் அது 51 டிகிரிக்கு மேல். சென்னையில் 13, மதுரையில் 10, யாழ்ப்பாணத்தில் அதற்கும் சற்றுக் குறைவு, நாகர்கோவிலில் 8. சிங்கப்பூரில் அடிவானத்தோடு அடிவானம். சென்னை வீட்டில் வடக்கே 40 மீட்டர் தள்ளி, கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த ஒரு கட்டடம் இருந்தாலே துருவ நட்சத்திரம் மறைந்துவிடும். வெறுமனே பார்ப்பதற்குத் தோராயமாக வடக்கு நோக்கி வைத்தாலே போதுமே என்று ஒருவர் சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அச்சு ஏறத்தாழப் படுத்த நிலைக்கு வந்துவிடும்போது, மலிவான சிறு தாங்கிகள் பலவற்றில் எடைக்கல் கம்பி முக்காலியின் காலில் இடிக்கிறது; பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. போதாக்குறைக்கு, லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிக்கும் ஆடி வகைக் குழாயை அதில் ஏற்றினால், வானத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும்போதெல்லாம் ஐபீஸ் எட்டாத கோணங்களுக்குச் சுழன்றுபோகும். உயர் அட்சரேகையில் இருப்பவருக்குச் சொன்ன அறிவுரையை அப்படியே நாம் எடுத்துக்கொள்வதில் உள்ள கோளாறு இது.

இரண்டு சிக்கலுக்கும் விடை ஒரு மரப்பெட்டியில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, கலிபோர்னியாவில் வேதியியல் படித்து, 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தவர். கையில் பணம் கிடையாது. கழித்துப்போட்ட தடித்த கண்ணாடிகளைத் தானே தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாய்க்குள் பொருத்தினார். ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்கார வைத்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேறியபின், தெருமுனைகளில் நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அவர் பெயரால் டாப்சோனியன் எனப்படும் இந்த அமைப்பில், பெட்டி பக்கவாட்டில் சுழலும், குழாய் மேலும் கீழும் சாயும், அவ்வளவுதான். துருவ நட்சத்திரம் தேவையில்லை, எடைக்கல் இல்லை, நீண்ட கால்கள் இல்லை. அகன்ற அடித்தளத்தில், தரையோடு ஒட்டி நிற்கிறது. டெஃப்லான் துண்டுகளின் மேல் சன்மைக்கா வழுக்குவதால், தள்ளினால் நகர்ந்து விட்டால் நிற்கும் குணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. தாங்கிக்கு ஆகும் செலவு குறைவதால், அதே பணத்தில் வாயின் விட்டம் கூடுகிறது. ஆகவே என் பரிந்துரை இதுதான்: தரையில் வைக்க இடமிருந்தால் 150 மி.மீ. வாயும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள டாப்சோனியன். இடமும் பணமும் குறைவென்றால் மேசைமேல் வைக்கும் 130 மி.மீ. டாப்சோனியன்.

எடையைக் காரணம் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 150 மி.மீ. டாப்சோனியன் மொத்தம் 15 கிலோவைத் தாண்டும் என்பது மெய். ஆனால் குழாயும் பெட்டியும் தனித்தனியே பிரிவதால், இரண்டு நடையில் கொல்லைக்குக் கொண்டுவந்துவிடலாம்; பூட்ட வேண்டிய திருகு எதுவும் இல்லை. மூன்றாவது மாடியில் குடியிருந்து படியேறி மொட்டை மாடிக்குப் போக வேண்டியவருக்கு அது பாரம்தான்; அவருக்கு ஏழு கிலோ அளவிலான மேசைக் கருவியே ஏற்றது. அதை ஆடும் பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தால் பாழாகும். கொல்லையில் துணி துவைக்கும் கல் இருந்தால் அதைவிட நல்ல மேசை வேறில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது.

இன்னொரு மறுப்பு வலுவானது, நம் ஊருக்கே உரியது. டாப்சோனியனை நேர் உச்சிக்குத் திருப்பினால், பக்கவாட்டுச் சுழற்சி பிடி கொடுக்காது. குழாய் செங்குத்தாக நிற்கும்போது எந்தப் பக்கம் தள்ளினாலும் பெட்டி நகர மறுக்கும். நம் அட்சரேகையில் கோள்கள் பெரும்பாலும் உச்சியை ஒட்டியே போகின்றன. அப்படியானால் இது நமக்குப் பெரிய குறை இல்லையா? கவனித்தால், அதே காரணமே குறையைக் குறைத்தும் விடுகிறது. உச்சியிலிருந்து இரண்டு மணி நேரம் முன்போ பின்போ பார்த்தால் கோள் 30 டிகிரி தள்ளி இருக்கும். அந்த 60 டிகிரி உயரத்தில் நாம் ஊடுருவிப் பார்க்கும் காற்றின் தடிமன் உச்சியைவிட 15 சதவீதம் மட்டுமே அதிகம். இதே உச்சிப் பகுதியை முக்காலி மேலுள்ள நீண்ட லென்ஸ் வகைக் கருவியில் பார்க்க முயன்றால், ஐபீஸ் முக்காலியின் கால்களுக்கிடையே இறங்கிவிடும்; குழாய் காலில் இடிக்கும்; பார்ப்பவர் தரையில் மண்டியிட வேண்டும். ஆடி வகையில் ஐபீஸ் குழாயின் மேல்முனைப் பக்கவாட்டில் இருப்பதால் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். உச்சி வானம் நமக்கு முக்கியம் என்பதாலேயே டாப்சோனியன் பொருந்துகிறது.

ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டுமே என்ற தயக்கம் பலருக்கு. கோலிமேஷன் எனப்படும் இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைச் சற்றே ஃபோகஸ் தவறவிட்டுப் பாருங்கள். நடுவில் கருநிழலுடன் ஒளிவட்டம் தெரியும். நிழல் நடுவில் இருந்தால் எல்லாம் சரி; ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்புறத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: 114 அல்லது 127 மி.மீ. வாய், குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்து, குழாயோ அரை மீட்டரே இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ஃபோகஸ் குழலுக்குள் ஒரு நீட்டிப்பு லென்ஸ் ஒளிந்திருக்கும். தொடக்கநிலை மாதிரிகளில் அந்த லென்ஸின் தரம் மோசம், நேர்ப்படுத்துவதும் கடினம்.

கணினி தானே தேடித்தரும் கருவிகளையும், கைபேசியில் படம் காட்டும் புதிய வகைக் கருவிகளையும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். முன்னது நல்ல வசதிதான், ஆனால் ஒரே விலையில் மோட்டாருக்குப் போகும் பணம் வாயின் விட்டத்திலிருந்தும் தாங்கியின் உறுதியிலிருந்தும் கழிகிறது. பின்னது உண்மையில் ஒரு கேமரா. நகர வெளிச்சத்திலும் நெபுலாக்களை வண்ணத்தில் எடுத்துத் தரும். படம் எடுப்பதே நோக்கம் என்றால் தாராளமாக அதை வாங்கலாம். சனியின் வளையத்தில் பட்டுத் திரும்பிய ஒளியே நேராகத் தன் கண்ணுக்குள் விழ வேண்டும் என்று விரும்புபவருக்காக இந்த அத்தியாயம். மற்றபடி, பைனாகுலரே போதாதா என்ற கேள்விக்கு என் பதில் பலர் எதிர்பார்ப்பதைவிட இணக்கமானது: கையிலுள்ள பணத்துக்கு ஆடும் 60 மி.மீ. கருவிதான் கிடைக்கும் என்றால், அதை விட்டுவிட்டு 10x50 பைனாகுலர் வாங்குங்கள். சனியின் வளையம் அதில் பிரிந்து தெரியாது, அதற்கு 25 மடங்காவது வேண்டும். ஆனால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும், வியாழனின் நிலவுகளும், ஆண்ட்ரோமெடாவும் தெரியும். அதையும் கைகளில் ஏந்தாமல் சுவரில் ஊன்றிப் பிடித்தால் இரண்டு மடங்கு தெரியும்.

கருவி வந்ததும் முதல் வேலை பகலில். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், சூரியன் இல்லாத திசையில், கைபேசிக் கோபுரத்தின் உச்சியையோ கோயில் கோபுரக் கலசத்தையோ 25 மி.மீ. ஐபீஸில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு குழாயின் மேலுள்ள, குறிபார்க்க உதவும் பைண்டரின் சிவப்புப் புள்ளியைத் திருகுகளால் அதே இடத்தில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் இரவில் தேடத் தொடங்குபவருக்கு நிலவைத் தவிர எதுவும் அகப்படாது. உருவம் தலைகீழாகத் தெரிவது பிழை அன்று. ஆடி வகையின் இயல்பு அது. இரவிலும் எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில்தான் தேட வேண்டும்; பொருளை நடுவில் நிறுத்திய பிறகே 10 மி.மீ.க்கு மாற வேண்டும்.

இடத்தேர்வும் தாங்கியின் ஒரு பகுதிதான். மொட்டை மாடியின் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை முன்னிரவில் வெளியே விடுகிறது. அந்தச் சூடான காற்று மேலெழும்போது கோள்கள் நீருக்கடியில் கிடப்பது போல நெளியும். மண்தரையுள்ள கொல்லை இந்த வகையில் மேல். மாடிதான் கதி என்றால் இரவு பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். தளத்தின் நடுவில் வைக்காமல் தூண் அல்லது உத்தரம் ஓடும் இடத்தின் மேல் வையுங்கள். பார்க்கும் நேரத்தில் மற்றவர்கள் நடக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாமல் இருந்தால், நகரத்திலும் நிலவுக்கும் கோள்களுக்கும் இரட்டை நட்சத்திரங்களுக்கும் ஒரு குறையும் வராது. நெபுலாக்களுக்குத்தான் இருட்டு வேண்டும், அதோடு கண் பழக 20 முதல் 30 நிமிடமும் வேண்டும்.

நிலவை முழு நிலவன்று பார்க்காதீர்கள். நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பாருங்கள். பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழல் வீழ்த்தி நிற்கும். சனியின் வளையம் 2025இல் விளிம்பு காட்டி மறைந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் அகலத் திறக்கும், ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்கு இது நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை, ஓரியன் விண்மீன் குழுவின் இடுப்பிலுள்ள மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே சாம்பல் நிறப் புகையாக ஓரியன் நெபுலா தெரியும். படங்களில் காணும் சிவப்பு கண்ணுக்கு வராது. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் அறியாது. நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கத்தில் பார்வையை வைத்தால் புகையின் சிறகுகள் விரிவது தெரியும். மே மாத இறுதியில், இரவு ஒன்பதரை மணியளவில், சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சத்தில் இருக்கும்போது, நீட்டிய கையின் முட்டியால் அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி அளந்து இறங்குங்கள். அங்கே ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட கொத்து, 17,000 ஒளியாண்டு தூரத்தில். 150 மி.மீ. வாயில், 120 மடங்கில், அதன் விளிம்பு தனித்தனி நட்சத்திரங்களாக உதிர்வதைக் காணலாம். சென்னையில் 30 டிகிரி உயரத்தில் வரும் இதை லண்டனில் இருப்பவர் ஊரை விட்டு நகராமல் ஒருபோதும் பார்க்க முடியாது. தென்வானமும் எட்ட வேண்டும் என்பதால்தான் வானியலாளர் வைணு பாப்பு தன் வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். அந்த வாய்ப்பு நம் கொல்லைக்கும் உண்டு.

ஏற்கெனவே ஆடும் முக்காலியோடு ஒரு கருவி வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். கால்களை நீட்டாமல் முழுதும் உள்ளிழுத்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முக்காலியின் நடுவில் நான்கைந்து செங்கல் போட்ட பையைத் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். குழாயை விரலால் தட்டினால் உருவம் இரண்டு நொடிக்குள் நிலைக்க வேண்டும். கடையில் வாங்கும்போதும் இதே சோதனையைக் கேட்டுச் செய்து பார்க்கலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால், பழக்கமான தச்சரிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு டாப்சோனியன் பெட்டி செய்யச் சொல்லுங்கள். குழாய் எந்தப் புள்ளியில் சமநிலையில் நிற்கிறதோ அங்கே அச்சு வர வேண்டும் என்பதை மட்டும் அளந்து கொடுத்தால் போதும்.

சூரியனைப் பற்றி ஒரே விதி. குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் அந்தத் திசைக்குக் கருவியைத் திருப்பவே கூடாது. பைண்டர் வழியாகவும் பார்க்கக் கூடாது. ஐபீஸில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி கருவியோடு வந்திருந்தால் அன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள்: குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும், பார்வை நிரந்தரமாகப் போகும். பகலில் கருவியை மூடியில்லாமல் வெளியே விட்டுவிட்டு உள்ளே போகவும் வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் வேண்டாம்.

பராமரிப்பில் குளிர் நாட்டு நூல்கள் சொல்லாத ஒன்று உண்டு. ஏசி அறையில் வைத்த கருவியை நம் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் ஆடி உடனே வியர்த்துவிடும்; எனவே ஏசி இல்லாத, காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். வியர்த்தால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். ஆடியின் மேல் படியும் கொஞ்சம் தூசு உருவத்தைக் கெடுக்காது, துணி போட்டுத் துடைப்பது அதன் அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். மழைக்காலத்தில் லென்ஸ்களில் பூஞ்சை பிடிப்பதுதான் பெரிய ஆபத்து, கடலோர ஊர்களில் அதிகம். ஐபீஸ்களை இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைத்து, மணிகளின் நிறம் மாறியதும் புதியதை வையுங்கள்.